செல்போன் செய்திக்கு இஸ்னாத் உண்டா?

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, திருவொற்றியூரில் நாம் பணிபுரியும் பள்ளிவாசலின் ஹவுளு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போது நம் செல்போனுக்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. தோளில் பை தொங்க, கையில் ஒரு துண்டுக் காகிதத்துடன், தெருமுனையில் நின்று வீட்டு வாசல்களைப் பார்த்துக் கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் படம். அதன் கீழே, இவன் பிள்ளை பிடிக்கிறவன், நேற்று எண்ணூரில் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிவிட்டான், இப்போது நம் தெருவில் சுற்றுகிறான், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது.

சென்னை நகரெங்கும் பிள்ளை கடத்தும் கூட்டம் வந்திருப்பதாக வதந்தி பரவி, அப்படி ஒன்றும் இல்லை என்று காவல்துறை மறுத்துக் கொண்டிருந்த நாட்கள் அவை. மறுப்பும் நமக்குத் தெரியும். இருந்தாலும் மக்ரிபுக்குப் பின் நம்மிடம் ஓத வருகிற நாற்பது பிள்ளைகளின் முகங்கள் கண்முன் வந்தன. ‘கவனம்’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து, மக்தப் பெற்றோர்களின் குரூப்புக்கு அந்தப் படத்தை அனுப்பிவிட்டோம். அனுப்பிய பிறகு, ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு மக்ரிபுக்கு ஒளுச் செய்தோம். இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அந்தத் திருப்திதான்.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் டீக்கடைக்காரர் நம்மை ஓரமாக அழைத்தார். “ஹஜ்ரத், அந்தப் படத்துல இருக்கிற பையன் நம்ம பின் தெருவுல புதுசா ரூம் எடுத்திருக்கிறவன். பீகார்க்காரன். கன்டெய்னர் யார்டுல லோடு ஏத்துறான். ராத்திரி நாலஞ்சு பேரு போயி கதவத் தட்டியிருக்காங்க. நல்ல வேள, வீட்டுக்காரம்மா வெளிய வந்து, என் வாடகைக்காரன்தான்னு சத்தம் போட்டுச்சு. போயிட்டாங்க” என்றார்.

நமக்குக் கை நடுங்கியது. ஏன் நடுங்கியது என்பதை, பழையதை மறந்திருப்பவர்களுக்காகச் சொல்ல வேண்டும்.

2018-ஆம் ஆண்டு மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகில் அத்திமூர் என்ற ஊரில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அவர்களில் வயதான ஓர் அம்மையார் அங்கே விளையாடிக் கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டது. அந்த அம்மையார் அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் நமக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டி இருக்கிற பழவேற்காட்டில், ஊருக்குப் புதிதாக அலைந்து திரிந்த ஒரு மனிதரை இதே சந்தேகத்தின் பேரில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். பழவேற்காடு நமக்கு அந்நியமான ஊரா? கடல் வாணிபம் செய்த முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்து, பள்ளிவாசல்களைக் கட்டிய ஊர் அல்லவா அது! நம்மவர்களில் எத்தனை பேருக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கிறது! அவ்வாண்டில் இந்தியா முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் இவ்வாறு போயின. கொன்றவர்கள் கையில் கம்பும் கல்லும் இருந்தன. அதற்கு முன்பு அவர்கள் கையில் இருந்தது செல்போன்.

அப்போது நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்றைப் பற்றி அறிந்தபோது நாம் திகைத்துப் போனோம். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொண்டு பறந்துவிடுகிறார்கள். பார்த்தவர் வயிறு எரியும். ஆனால் அது 2016-இல் பாகிஸ்தானின் கராச்சி நகரத்தில், பிள்ளைகளைத் தனியே தெருவில் விடாதீர்கள் என்று பெற்றோர்களை எச்சரிப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நடித்து எடுக்கப்பட்ட படம்! அதன் கடைசியில் அந்த இருவரும் திரும்பி வந்து பிள்ளையை இறக்கி விட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பரப்பினார்கள். பிள்ளைகளைக் காப்பதற்காக எடுத்த படம் மனிதர்களைக் கொல்லும் ஆயுதமாகிவிட்டது.

ஓதுகிற பிள்ளைகளுக்கு இதை விளங்க வைப்பது எளிது. அல்மாஊன் சூராவில் தொழுகையாளிகளுக்குக் கேடுதான் என்று வருகிற இடத்தில் ஒருவன் நிறுத்திவிட்டுக் கிதாபை மூடிவிட்டால் என்ன ஆகும்? தொழுவதே பாவம் என்றாகிவிடும். அடுத்த ஆயத்தில்தான், தம் தொழுகையைப் பற்றி அலட்சியமாக இருப்பவர்கள் என்று வருகிறது. எங்கே நிறுத்தக் கூடாது என்பதைத் தஜ்வீது பாடத்தின் ஆரம்பத்திலேயே நாம் சொல்லிக் கொடுக்கிறோம். வீடியோவை எங்கே வெட்டினார்கள் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தோமா? இல்லை.

நாம் அந்தப் பீகார் இளைஞனின் அறைக்குப் போனோம். மதரஸாவில் படித்த உருது கைகொடுத்தது. தகர ஷீட் போட்ட சிறு அறை. நான்கு பேர் தங்குகிறார்கள். அவன் வேலைக்குப் போகாமல் உள்ளேயே இருந்தான். கையில் இருந்த காகிதம் அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் எழுதிக் கொடுத்த வீட்டு விலாசம். வீட்டு எண்களைத் தேடித்தான் ஒவ்வொரு வாசலாகப் பார்த்திருக்கிறான். நாமும் அந்தப் படத்தை அனுப்பியவர்களில் ஒருவர் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவன் நம்மை உட்காரச் சொல்லிவிட்டு வேறொரு கதையைச் சொன்னான்.

2023 மார்ச் மாதத்தில், ஹோலிப் பண்டிகைக்குச் சற்று முன்னால், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று அவன் ஊரில் வீடியோக்கள் பரவின. அவனுடைய தாயார் இரவு பகலாகப் போன் செய்து அழுதாராம். அவனும் கூட இருந்தவர்களும் கூலிப் பாக்கியைக் கூட வாங்காமல் ரயில் ஏறிவிட்டார்கள். அந்த வீடியோக்களும் பொய். அவற்றில் ஒன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இரு கோஷ்டியாக மோதிக் கொண்டது. மற்றொன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக் கொண்டது. தமிழகக் காவல்துறை அன்றே இதை விளக்கியது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. பொய்யைப் பரப்பியவர்கள் மீது வழக்குகள் போடப்பட்டன. எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தாயின் அழுகையை யார் திருப்பிக் கொடுப்பது?

பாருங்கள் சகோதரர்களே! வடக்கத்தியர்கள் நம் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள் என்று நம்மிடம் ஒரு பொய். நாம் வடக்கத்தியர்களைக் கொல்கிறோம் என்று அவர்களிடம் ஒரு பொய். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, மணலியிலும் காட்டுப்பள்ளியிலும் நம்மோடு தோளுக்குத் தோள் நின்று சுமை தூக்குகிறவர்கள் இவர்கள். ஜும்ஆவில் நம் பின் சஃப்பில் நிற்பவர்களும் இவர்களில் இருக்கிறார்கள். ஒரே மனிதனை ஒரு பொய் ஊரை விட்டு ஓட வைத்தது, இன்னொரு பொய் அவன் கதவைத் தட்டியது. இரண்டாவது பொய்யில் நம் விரலும் சேர்ந்திருந்தது.

கிளம்பும்போது அவன் ஒன்றே ஒன்று கேட்டான். படம் போன இடத்துக்கெல்லாம், இவன் அவன் இல்லை என்ற செய்தியும் போகுமா? போகும் என்றோம். அன்றே எழுதி அனுப்பினோம். முந்தின நாள் படத்தைப் பார்த்துவிட்டு முப்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். மறுப்புக்குப் பதில் போட்டவர்கள் இரண்டு பேர். அதை வேறு குரூப்புக்கு அனுப்பியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. தவறான செய்தியை அனுப்பிவிட்டுப் பிறகு திருத்திக் கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை யோசித்துப் பார்க்கட்டும்.

அதன் பிறகுதான் நமக்கு ஒரு யோசனை தோன்றியது. நாம் எதைப் படித்தோம்? ஏழு வருடம் மதரஸாவில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஹதீஸுக்கும் முன்னால், இன்னார் இன்னாரிடமிருந்து, அவர் இன்னாரிடமிருந்து என்று நீளுகிற இஸ்னாதைத்தானே (அறிவிப்பாளர் தொடரைத்தானே) ஓதினோம்! சனது இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவான் என்ற கருத்தில் அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) அவர்கள் எச்சரித்ததை, ஸஹீஹ் முஸ்லிமின் முகத்திமாவில் உஸ்தாது நிறுத்தி நிறுத்தி விளக்கினாரே! அதே முகத்திமாவில், கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்துடைய நபிமொழியும் இருக்கிறது. இதை நூறு தடவை பயானில் சொல்லியிருக்கிறோம். நாக்குக்குத்தான் என்று நினைத்துச் சொன்னோம். விரலுக்கும் என்று தோன்றவில்லை.

ஆகவே மக்தபில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரை உட்கார வைத்து, “இந்தப் படத்துக்கு இஸ்னாத் கண்டுபிடிப்போம் வாங்க தம்பிகளா” என்றோம். நமக்கு அனுப்பியவர் யார் என்பதில் தொடங்கினோம். அவருக்கு அனுப்பியவர், அவருக்கு அனுப்பியவர் என்று வீடு வீடாகக் கேட்டுக் கொண்டே போனோம். மூன்று நாட்கள் ஆயின. சிலர் கோபித்துக் கொண்டார்கள். ஒருவர், “ஹஜ்ரத் போலீஸ் வேலை பார்க்க ஆரம்பிச்சிட்டாரா?” என்று சிரித்தார்.

நமக்கு அனுப்பியவர் மளிகைக் கடைக்காரர். எண்ணூரில் இரண்டு பிள்ளைகள் என்ற வாசகம் அவர் கடையில் சேர்ந்தது; வேறொரு செய்தியில் படித்ததை இதனோடு ஒட்டிவிட்டார். அவருக்கு அனுப்பியது, சீட்டுப் பிடிக்கும் பெண்களின் குரூப்பில் இருந்த ஓர் அம்மா. அவர், ‘பிள்ளை பிடிக்கிறவன், நம் தெருவில் சுற்றுகிறான்’ என்று எழுதியிருந்தார். அவருக்கு வந்ததோ, ‘பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி இருக்கான்’ என்பது. அதை எழுதியது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்பிள்ளை. அவளுக்கு அந்தப் படம் அவளுடைய தம்பியின் போனிலிருந்து கிடைத்தது. அதில், ‘யார்ரா இது?’ என்று மட்டும் இருந்தது. தம்பிக்கு அனுப்பியவன் அவனுடைய சிநேகிதன். மாடியிலிருந்து படத்தைப் பிடித்தவனும் அவன்தான். அந்தச் சிநேகிதன், எட்டுப் பேரில் ஒருவனாக நம் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்! பதின்மூன்று வயது. முதல் நாளே அவன் முகம் வெளுத்திருந்ததை நாம் கவனிக்கவில்லை. “சும்மாதான் எடுத்தேன் ஹஜ்ரத்” என்று அழுதான்.

அவனை அடிக்கவில்லை. அடிக்க நமக்கு என்ன யோக்கியதை? அவன் கேள்விதான் கேட்டான். ‘மாதிரி’ என்ற சொல்லை விழுங்கியவர் ஒருவர், எண்ணூரை ஒட்டியவர் ஒருவர், ஆலிமின் பெயரால் அதற்கு முத்திரை போட்டவர் நாம். ஹதீஸ் கலையில் மூல வாசகத்தோடு அறிவிப்பாளரின் சொந்தச் சொல் கலந்துவிடுவதை ‘இத்ராஜ்’ என்பார்கள். பரீட்சைக்காக மனனம் செய்த அந்தச் சொல்லின் அர்த்தம் அன்றைக்குத்தான் நமக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்கோ பாடமே தேவைப்படவில்லை. ஒரு ‘மாதிரி’ எந்த வீட்டில் விழுந்தது என்பதை அவர்களே கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை அந்தப் பையனிடம் தனியாகச் சொன்னோம். ஒரு மனிதன் தெருவில் நிற்கிறான் என்பதற்காக அவனுக்குத் தெரியாமல் அவனைப் படம் பிடிப்பது, அல்ஹுஜுராத் சூராவில் (49:12) அல்லாஹ் தடுத்திருக்கிற துருவித் துருவி ஆராய்தலோடு சேர்ந்துவிடும் என்றோம். அவன் அந்தப் பீகார் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டான். இருவருக்கும் பொது மொழி இல்லை. என்ன பேசினார்களோ, வரும்போது கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருந்தது.

அதே சூராவின் ஆறாவது ஆயத்தை இப்போது பிள்ளைகளுக்கு அது இறங்கிய சந்தர்ப்பத்தோடு சொல்லிக் கொடுக்கிறோம். ஸக்காத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவரை வரவேற்க பனூ முஸ்தலிக் கூட்டத்தார் திரண்டு வெளியே வந்தார்கள். அவரோ அவர்கள் தம்மைக் கொல்ல வருவதாக நினைத்துத் திரும்பி வந்து, ஸக்காத் தர மறுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். படை புறப்பட வேண்டிய நிலை. அந்த நேரத்தில்தான், செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னால் வருந்தாதீர்கள் என்ற கருத்தில் கட்டளை இறங்கியதாகத் தஃப்ஸீர்கள் கூறுகின்றன. வரவேற்க வந்தவர்கள் கொல்ல வந்தவர்களாகத் தெரிந்தார்கள். அத்திமூரில் சாக்லேட் கொடுத்த கை பிள்ளை பிடிக்கும் கையாகத் தெரிந்தது.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவி மதீனாவே ஒரு மாதம் கொந்தளித்தபோது, இட்டுக்கட்டியவன் நயவஞ்சகனாக இருந்தாலும் பேசித் திரிந்தவர்களில் நல்ல முஸ்லிம்களும் இருந்தார்கள். அப்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். நாயகத்தின் மனைவியரில் ஆயிஷா நாயகிக்கு நிகராகப் போட்டியிட்டவர் அவர்தான். பேசுவதற்கு அவருக்கு எத்தனையோ காரணம் இருந்தது. அவரோ, என் செவியையும் பார்வையையும் நான் காத்துக் கொள்கிறேன், அவரைப் பற்றி நல்லதைத் தவிர எதையும் நான் அறியேன் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டார். செவியும் பார்வையும்! இன்று போனில் வருவது இந்த இரண்டு வழியாகத்தானே?

செல்போனே கூடாது என்று தடுத்துவிட்டால் என்ன என்று சில பெற்றோர்கள் நம்மிடம் கேட்டார்கள். நாம் ஓதிய காலத்தில் மதரஸாவில் போன் வைத்திருந்தால் உஸ்தாது வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார். ஓதுகிற காலத்துக்கு அது நல்லதுதான். ஆனால் 2020-இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடியபோது, பாடத்துக்காக நாமே பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தோம். இனி அதைப் பிடுங்குவது நடக்கிற காரியமல்ல. ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லலாமா என்று ஒரு தலைமுறை ஃபத்வாக் கேட்டது. இன்று ஒலிபெருக்கி இல்லாத பள்ளி இல்லை. கருவி கூடுமா கூடாதா என்பதிலேயே காலத்தைக் கழித்துவிட்டு, கூடும் என்று ஆன பிறகு அதை எப்படிக் கையாளுவது என்று சொல்லிக் கொடுக்க மறந்துவிடுகிறோம். இதில் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. நாம் தேடிய ஆறு கைகளில் மூன்று கைகள் பெரியவர்களுடையவை. ‘மாதிரி’யை விழுங்கியதும் எண்ணூரை ஒட்டியதும் முத்திரை போட்டதும் அந்த மூன்றுதான்.

அப்படியானால் உண்மையான ஆபத்து வரும்போதும் இஸ்னாத் தேடிக் கொண்டிருப்பதா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகில் ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடல் வழியாக வரும் குழாயில் அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் நள்ளிரவில் கண் எரிய, மூச்சுத் திணற வீடுகளை விட்டு ஓடினார்களே, அன்று யாரும் விசாரித்துக் கொண்டிருக்க முடியுமா? முடியாதுதான். ஆனால் அன்றிரவு நமக்கு வந்தவற்றை மறுநாள் எடுத்துப் பார்த்தோம். ஒரு சகோதரர் தம் குரலிலேயே, தம் பெயரைச் சொல்லி, நான் இன்ன தெருவில் நிற்கிறேன், இங்கே வாடை தாங்க முடியவில்லை, நாங்கள் கிளம்புகிறோம் என்று பேசி அனுப்பியிருந்தார். வேறொன்றில் பெயரும் இல்லை, இடமும் இல்லை. சென்னை முழுவதும் அழியப் போகிறது என்று மட்டும் இருந்தது. முதலாவதற்கு இஸ்னாத் இருக்கிறது: ஒரே அறிவிப்பாளர், அவரே கண்ணால் கண்டவர், இடமும் நேரமும் சொல்கிறவர். அதை உடனே அனுப்புவது கடமை. இரண்டாவதன் அறிவிப்பாளர் யாரென்றே தெரியாத மஜ்ஹூல். ஆபத்துக் காலத்தில் நாமே கண்டதைப் பெயர் சொல்லிச் சொல்லலாம். பெயரில்லாதவன் சொன்னதை நம் பெயரில் சொல்லக் கூடாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் பெரியவர்களை விடச் சீக்கிரம் பிடித்துக் கொண்டார்கள்.

வாட்ஸ்அப் நிறுவனமும் 2018-இன் கொலைகளுக்குப் பிறகு சில தடைகளைப் போட்டது. ஒருவர் எழுதாமல் வேறிடத்திலிருந்து அனுப்பியது என்று தெரிய அம்புக்குறி வைத்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்றாக்கியது. பலமுறை கை மாறியதற்கு இரட்டை அம்பு. 2020 முதல் அத்தகையதை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்பைப் பார்த்தால், “ஹஜ்ரத், சனது அறுந்தது!” என்று நம் பிள்ளைகள் கத்துகிறார்கள். சட்டமும் இருக்கிறது: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவு, கலகமூட்டும் வதந்தியைப் பரப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. இப்போது ஒருவர் பேசாததை அவர் குரலிலேயே பேச வைக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. ஆகவே குரலைக் கேட்டேன் என்பதும் இனிச் சாட்சியாகாது. அவரையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

ஒரு பையன் மட்டும், “பொய்யின்னு தெரியாம அனுப்பினா குற்றமா ஹஜ்ரத்?” என்று விடாமல் கேட்டான். புகாரியில் ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அறிவிக்கும் நீண்ட கனவு ஹதீஸில், இரும்புக் கொக்கியால் தாடை பிடரி வரை கிழிக்கப்படும் ஒருவன் வருகிறான். திசையெங்கும் போய்ச் சேருகிற பொய்யைச் சொன்னவன் அவன். அது தெரிந்தே சொன்னவனுக்கு. தெரியாமல் அனுப்பியவனை, விசாரிக்க வசதி இருந்ததா, விசாரித்தாயா என்று கேட்கப்படும் என்றோம். “நீங்க விசாரிச்சீங்களா?” என்றான். இல்லை என்று எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னோம்.

சென்ற மாதம் அதே பையன் தன் பாட்டியின் போனை எடுத்து வந்தான். அதில் ஒரு துஆ. இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் இரவுக்குள் நல்ல செய்தி வரும், அழித்தால் முஸீபத் வரும் என்று, ஹதீஸ் என்ற பெயரில் எழுதியிருந்தது. “இதுக்கு இஸ்னாத் இருக்கா ஹஜ்ரத்?” என்றான். வீட்டுக்குப் போய் இரண்டு இரவுகள் கிதாபுகளைப் புரட்டினோம். எதிலும் கிடைக்கவில்லை. நம் மஹல்லா குரூப்பில் பின்னோக்கித் தேடினோம். மூன்று வருடங்களாக அது அங்கே சுற்றிக் கொண்டிருக்கிறது. அதற்கு ‘ஆமீன்’ போட்டவர்களில் நம் பெயரும் இருக்கிறது.